செவ்வாய்க்கிழமை லீவு

காலை ஷிப்டுக்கு மண்ணூரில் நான் ஏறிய கம்பெனி பஸ்ஸில், முன்சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பேர். ஹெட்போனை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தேன். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“மூச்ச எண்ணிக்கினே இருந்ததுல போல்ட்ட எண்ண மறந்துட்டேன், மச்சி.”

பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்டவர் திரும்பினார். “இன்னாது?”

“படபடப்பு வந்தா நாலு எண்ற வரைக்கும் மூச்ச இழு, நாலு எண்ற வரைக்கும் வுடுன்னு யூடியூப்ல சொன்னான். நேத்து லைன்ல அதப் பண்ணிக்கினே இருந்தேன். கார் சீட்டுக்கு நாலு போல்ட்டு. மூணுதான் போட்டுக்கீறேன். செக்கிங்ல புட்ச்சிட்டாங்க.”

“எத்தினி நாளா படபடப்பு?”

“மூணு மாசமா. தூக்கமும் இல்ல.”

“மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் பண்றேன். மூணு மாசம்னா அது பத்தாது, டாக்டர பாரு. பெரியாஸ்பத்திரில செவ்வாக்கிழம மனநல டாக்டர் வராரு.”

“பைத்தியம்னு லைன் பூரா பேசுவானுங்க. சூப்பர்வைசர்கிட்ட இன்னா சொல்லி லீவு கேக்கறது?”

“வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லு. ஒட்னே குடுப்பாரு.”

“உனக்குக் குடுப்பாரு. நீ மாசாமாசம் நெஜமாவே கோயிலுக்குப் போற.”

மூக்குக்கண்ணாடிக்காரர் கண்ணைச் சிமிட்டினார். பஸ் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியது.

“டேய், எனக்கு விபூதிலாம் குடுத்தியே!”

“விபூதி நெஜம். ஆஸ்பத்திரிலர்ந்து வர்ற வழில வாங்கினு வருவேன்.”

ஒரகடம் வந்தது. இறங்கும்போது ஜன்னலோரக்காரர் கேட்டார்:

“செவ்வாக்கிழம எத்தினி மணிக்கு மச்சி கோயில் தொறப்பாங்க?”