‘வெச்சுப்போட்டேன்’ என்ற சொல் குறித்து

என் பெயர் நந்திதா, வயது 24, த/பெ திருமூர்த்தி. மேட்டுப்பாளையம், மண்டி வீதி, கதவு எண் 14இல் குடியிருக்கிறேன். தமிழ் முதுகலை படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். ஓய்வுபெற்ற பாக்கு வியாபாரி பாலகோபால் (72) என்பவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்ததால், கடந்த ஒரு மாதமாகத் தினமும் மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அவருக்குப் பழைய துப்பறியும் சிறுகதைகளை வாசித்துக் காட்டி வருகிறேன். அவர் வீட்டில் சமையல் வேலை செய்யும் சாந்தாமணி (48) இன்று காலை முதல் இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பதால், நானாக முன்வந்து இதைச் சொல்கிறேன்.

அந்தக் கதைகள் நூறு வருடம் பழையவை. எல்லாவற்றிலும் பனிமூட்டம் இருக்கும், குதிரை வண்டி வரும். திரையை இழுத்துவிட்டு வாசிக்கும்போது அந்தப் பனி மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் பின்னாலுள்ள பாக்குத் தோப்புக்குள் நிற்பது போலிருக்கும். ஊட்டி பஸ் ஹாரன் அடித்தால் கதைக்குள் யாரோ வந்துவிட்டதாக நினைப்பேன். நான் வாசிக்கிறேனா தூங்குகிறேனா என்றே சில நாள் தெரியாது. “அப்புறம் அம்மணி?” என்று பாலகோபால் அய்யா கேட்கும்போதுதான் என் குரல் நின்றுபோனது தெரியும்.

அதன் பிறகு ஒன்றைக் கவனித்தேன். துப்பறிபவர் வேலைக்காரியின் விரலைப் பார்க்கிறார், செருப்புச் சேற்றைப் பார்க்கிறார், என்ன நடந்தது என்று அவளிடம் கேட்பதில்லை. பாதிக் கதைகளில் அவளுக்குப் பெயரே இல்லை. இதை அய்யாவிடம் சொன்னேன். “கதையக் கதையாப் படி அம்மணி, நாயம் பேசாத” என்றார்.

இம்மாதம் 4ஆம் தேதி காலை, அய்யாவைப் பார்க்க வந்திருந்த அவர் மகள் ஷ்ரவ்யா பெங்களூரு திரும்பினார். 9ஆம் தேதி சாந்தாமணி வால்பாறையில் உள்ள தங்கை வீட்டுக்கு விடுப்பில் போனார். 11ஆம் தேதி ஷ்ரவ்யா போன் செய்து, தலைக்குக் குளிக்கும்போது குளியலறையில் கழற்றி வைத்த வைரத்தோடு அங்கே இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

அதன் பிறகு 12ஆம் தேதி நான் தேடினேன். குளியலறையின் வெள்ளைத் தட்டில் மஞ்சள் விரல் தடம் இருந்தது. அதிலிருந்து யோசித்து நேராகச் சமையலறைக்குப் போய் மஞ்சள்தூள் டப்பாவுக்குள் கைவிட்டேன். தோடு இருந்தது. “பலே அம்மணி! போலீசே வேண்டாம் போ” என்று அய்யா கை தட்டினார். சாந்தாமணியின் எண் என் போனில் இருந்தது. நான் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அன்று மாலை சந்தோஷமாக வீட்டுக்கு நடந்து போனேன் என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு அய்யா புகார் கொடுத்தார். இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சாந்தாமணி இங்கே அழைத்து வரப்பட்டார். மாலையில் அய்யாவையும் என்னையும் வைத்துக்கொண்டு, தலைமைக் காவலர் இஸ்மத் சாந்தாமணியின் வாக்குமூலத்தைப் படித்தார். “தோட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்” என்று அதில் இருந்தது.

சாந்தாமணி என்னைப் பார்த்து, “எடுத்து வெச்சுப்போட்டேன்னுதானுங்க அம்மணி சொன்னேன்” என்றார்.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா? எங்க நாகப்பட்டினத்துல போட்டேன்னா கீழ போடுறது. வைரத்தைக் கீழயா போட்டீங்க?” என்றார் இஸ்மத்.

ஒன்றில்லை என்று சொன்னேன். இந்தப் பக்கம் சாப்பிட்டுப்போட்டேன், தூங்கிப்போட்டேன் என்போம். வேலை முடிந்தது என்று மட்டும் அர்த்தம். வெச்சுப்போட்டேன் என்றால் பத்திரமாக வைத்தாயிற்று. வைத்துக்கொண்டேன் என்றால் தனக்கு என்று ஆகிவிடும்.

அதைச் சொல்லும்போதே எனக்கு நினைவு வந்தது. 4ஆம் தேதி மதியம் வாசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல், “ஏனுங்க அய்யா, பாப்பா தோட்டை உட்டுப்போட்டுப் போயிருச்சுங்க” என்றது. “எடுத்து வெச்சுப்போடு, கதை கேக்க உடு” என்று அய்யா சொன்னார். நான் கண் செருகிய நிலையில் இருந்ததால் இரண்டும் கதைக்குள் பேசிய பேச்சாகவே காதில் விழுந்தன. பீரோ சாவி அய்யாவின் தலையணைக்கடியில் இருந்தது. தொந்தரவு செய்ய வேண்டாமென்று டப்பாவில் வைத்ததாகச் சாந்தாமணி இப்போது சொன்னார்.

இதை அய்யாவிடம் நேரில் சொன்னேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “மறந்துபோட்டேன் போல அம்மணி. இதெல்லாம் எழுத வேண்டியதில்லை” என்றார். நான் எழுதச் சொல்கிறேன்.

இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் பார்த்ததும் கேட்டதும் செய்ததும் இவ்வளவே; இதில் பொய் எதுவும் இல்லை. அடித்தல் திருத்தம் ஒன்று: சாந்தாமணி சொன்ன சொல் இதிலும் ‘வைத்துக்கொண்டேன்’ என்றே எழுதப்பட்டிருந்தது. அதை அடித்து ‘வெச்சுப்போட்டேன்’ என்று எழுத வைத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) தி. நந்திதா