நாலு இஞ்சி டயர்

கத்தாத டினேஷ். கத்தினா டியூப்புக்குள்ள காத்து வருமே? கத்தியை இடுப்பில செருகிக்கொண்டு வந்து நிண்டா நான் பயந்திடுவனோ? நான் உன்ர அக்கா. இது என்ர கடை, அந்தக் கதிரையில இரு.

இஞ்ச பார், ஆர் போட்டது இந்த டியூப்? நீயோ? விசரா! நாலு இஞ்சி அகல டயருக்குள்ள சாதாரணச் சைக்கிளின்ர ஒடுங்கின டியூப்பைப் போட்டுக் காத்தடிச்சிருக்கிறாய். பலூன் மாதிரி மெலிஞ்சு வெடிக்காம வேற என்ன செய்யும்?

ஓம், ஓம். உன்ர மனிசி சுதர்ஷிகா சாம்பல்தீவுக்குத் தாய் வீட்ட ஓடிட்டாள். கடற்கரை மணலுக்குள்ள மோட்டச்சைக்கிள் புதையும், அதுதான் இந்தத் தடிச்ச டயர்ச் சைக்கிள். போய் என்ன செய்யப்போறாய்? என்ன? திருப்பிச் சொல்லு. கழுத்தை அறுப்பியோ? ம். நல்லாக் கேட்டுது.

உன்ர சேட்டில ஆரின்ரயடா ரத்தம்? மீன் வெட்டினனீயோ? சோறு குழைஞ்சதெண்டு சுதர்ஷிகாவின்ர தலையைப் பிடிச்சுச் சுவரில அடிச்சிருக்கிறாய். நீயெல்லாம் மனிசனே?

டேய், உதையாத! பம்பை உடைச்சா இன்னும் பிந்தும். பெரிய டியூப்புக்குப் பவுடர் பூசோணும். கொஞ்சம் காத்தடிச்சு உருண்டையாக்கித்தான் உள்ள வைக்கோணும், இல்லாட்டி மடிஞ்சிடும். லீவர்க் கம்பி போட்டு நெம்பினா டியூப்பைக் கடிச்சு ஓட்டையாக்கும், கையாலதான் டயரை ஏத்தோணும். பிறகு காத்தடிச்சு, முழுக்க இறக்கி, திருப்பியும் அடிக்கோணும். கெதியாச் செய்ய ஏலாது. அவசரமெண்டா வேற கடைக்குப் போ. உட்துறைமுக வீதியில ஆரிட்ட இந்த டியூப் இருக்கெண்டு பாப்பம்.

அம்மா செத்தாப்பிறகு உன்னை நான்தான் வளத்தனான். அப்பா எனக்கு பெல்ட்டால அடிக்கேக்க கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருந்து அழுதனீயேடா. இண்டைக்கு உன்னைப் பாக்கவே எனக்கு அருவருக்குது.

எங்க எழும்புறாய்? தண்ணியோ? குசினிக்குள்ள போகாத, நான் எடுத்துத் தாறன். இரு எண்டனான்!

ஓம், பொலிஸ் ஜீப்தான். பின்னால அம்புலன்சும் வருது. நீ வாறதுக்கு முந்தியே நான்தான் போன் அடிச்சனான். அவள் சாம்பல்தீவுக்குப் போகேல்ல, தலை பிளந்தபடி இஞ்சதான் ஓடிவந்தவள். உந்தக் குசினிக் கதவுக்குப் பின்னால நிலத்தில கிடக்கிறாள். நீ சொன்னதெல்லாம் அவளுக்கும் கேட்டது. இனி அங்கால ஒரு காலடி வை பாப்பம், பொலிசுக்கு முதல் நானே உன்னைக் கொல்லுறன்.