வீட்டுக்காரரின் காது

ஃபின்ச் குருவிகளுக்குக் குளிப்பதென்றால் உயிர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தட்டில் விரல் கணு அளவு தண்ணீர் வைத்தால் போதும், முறை வைத்து இறங்கிக் குளிக்கும். யாராவது முறை தவறினால் அன்றைக்குப் பெரிய பஞ்சாயத்துதான். என்னிடம் ஆறு இருந்தன, மூன்று ஜோடி. பின்பக்கப் பால்கனியில் கூண்டு. அவை குளித்து இறகு உலர்த்துவதைப் பார்த்தபடி காபி குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். அதற்கு மேல் ஆடம்பரம் எதுவும் எனக்கு இருந்ததில்லை.

இன்ஸ்பெக்டர், நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்தக் காது மிஷினைப் பற்றியே கேட்கிறீர்கள். மிஷின் பிறகு வந்தது. குருவிகளிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

வீடு பார்க்க வந்த அன்றே நான் கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் வேறு ஊரில். பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சாவிக்கொத்தை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். "சார், என்கிட்ட ஆறு குருவி இருக்கு. கூண்டுலதான் இருக்கும், பரவால்லையா?" என்றேன். அவர் திரும்பி, சிரித்து, "தாராளமா" என்றார். நான் முதல் மாடிக்குக் குடிவந்தேன்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மகள் பத்து நாள் விடுமுறைக்கு வந்து போனாள். அவள் போன மறுநாள் அவர் மாடியேறி வந்து, "குருவிச் சத்தம் தாங்கலம்மா. காலைல தூக்கமே இல்ல" என்றார். நீங்கள்தானே சரி என்றீர்கள் என்று கேட்டேன். நான் எப்போது சொன்னேன் என்று சாதித்தார். வளர்ந்த மனிதர் முகத்துக்கு நேரே புளுகுவதைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

கூண்டைச் சமையலறைக்கு மாற்றினேன். விடிந்து வெகுநேரம் வரை போர்வை போட்டு மூடி வைத்தேன். அப்படியும் வந்தார். குருவிகளை வீட்டைவிட்டே அகற்ற வேண்டும், ஒரு வாரம்தான் கெடு என்று எழுதி, கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். நான் அழவில்லை, சண்டை போடவில்லை. நல்ல கையில் ஒப்படைக்க ஆள் தேடினேன். கணவனும் மனைவியுமாக ஒரு வீட்டில் சம்மதித்து, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை வேலையிலிருந்து திரும்பியபோது கூண்டு பால்கனியில் இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே தண்ணீர்த் தட்டு மட்டும்.

கீழே போய்க் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "குழாய் ஒழுகுதான்னு பாக்க, எங்கிட்ட இருக்கற சாவியால தொறந்து வந்தேம்மா. பாவம், வாயில்லா ஜீவன். வெளிய வெச்சுத் தொறந்து விட்டுட்டேன். நல்லா பறந்து போச்சுங்க" என்றார். ஒரு நல்ல காரியம் செய்து முடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

கூண்டில் பிறந்த ஃபின்ச்சுக்கு இரை தேடத் தெரியாது. காக்கையைக் கண்டால் ஒளியத் தெரியாது. மூன்று நாள் விடுப்பு எடுத்துத் தெருத்தெருவாகத் தேடினேன். எப்போது பார்த்தாலும் கூட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டும் ஒன்றை மேஸ்திரி என்று கூப்பிடுவேன். அது பக்கத்துக் கட்டட ஏசி பெட்டிக்கு அடியில் கிடந்தது. இரண்டு சாக்கடை ஓரத்தில். இரண்டு எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஒன்றையொன்று ஒட்டினாற்போல். ராங்கி என்று ஒரு பெட்டை இருந்தாள், யாரையும் குளிக்க விடமாட்டாள். அவள் மட்டும் கிடைக்கவே இல்லை. ஐந்து கிடைத்தன, ஒன்று கிடைக்கவில்லை என்று அவரிடமே சொன்னேன். தலையை ஆட்டினார்.

தோழிகள் வேறு வீடு பார்க்கச் சொன்னார்கள். நான் போகவில்லை. போயிருந்தால் அவர் மறந்திருப்பார். படியில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொன்னேன். மனதுக்குள் வயிறெரியச் சபித்தபடிதான் சொன்னேன். அதை மறைக்க விரும்பவில்லை.

எட்டு மாதம் கழித்து மகள் மறுபடி வந்தாள். "அக்கா, அப்பாவுக்குக் காது சரியா கேக்கலன்னு தோணுது. நீங்க அந்த வேலைதானே பாக்கறீங்க? உங்ககிட்டன்னா வருவாரு" என்றாள். ஆமாம், காது பரிசோதனைதான் என் தொழில். இருபத்திரண்டு வருடமாகக் காது பார்க்கிறவள், என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பதைக் கண்டுபிடிக்கவில்லை. நாம் பேசும்போது வாயையே பார்ப்பார். மரியாதை என்று நினைத்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் நிலையத்தில், சத்தம் புகாத அறையில் அவரை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். தாழ்ந்த சத்தங்களுக்கு ஒழுங்காக அழுத்தினார். சுருதி ஏற ஏறக் கை ஓய்ந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். தொழிற்சாலைக் காது அப்படித்தான், மேல் சுருதி எல்லாம் போய்விடும். நான் தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டங்களையும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகளையும் போட்டுக்கொண்டே வந்தேன். ஃபின்ச்சின் குரல் எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அவருக்கு இரண்டு காதும் சுவர். என் குருவிகளை அவர் ஒருநாள்கூடக் கேட்டிருக்க முடியாது.

மகள் வெளியே உட்கார்ந்திருந்தாள். தாளை அவர் முன் வைத்தேன். அவராகவே சொன்னார்.

"அன்னிக்கு பொண்ணு கேட்டாம்மா. மேல குருவிச் சத்தம் காதப் பொளக்குது, எப்படிப்பா தூங்கறீங்கன்னு. எனக்கு எங்க கேட்டுது? கேக்கலன்னு சொன்னா, வயசாயிடுச்சு வாங்கன்னு கூட்டிட்டுப் போய் அவ வீட்ல ஒரு மூலைல உக்கார வெச்சுடுவா. அதான், ஆமா தாங்கல, சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்னு சொல்லிட்டேன். அவ அப்புறம் குருவி போச்சான்னு போன்ல எல்லாம் விசாரிக்க ஆரம்பிச்சா. ஏதாவது செஞ்சாகணுமே. மனசுல வெச்சுக்காதம்மா."

"பரவால்ல சார்" என்றேன்.

வீடு பார்க்க வந்த அன்று நான் கேட்டதும் அவர் காதில் விழவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் புளுகவில்லை. புரிந்தால் கோபம் தணியும் என்பார்கள். எனக்குத் தணியவில்லை. சத்தம் தாங்காமல் செய்திருந்தால் அதில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும். தன் காது கெட்டுப்போனதை மறைக்க என் ஆறு உயிரைத் தூக்கி வீசியிருக்கிறார்.

காதுக்குள் சதா இரைச்சல் கேட்கும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்காகச் சில மிஷின்களில் ஒரு வசதி இருக்கிறது, அது தானே மெல்லிய ஒலி எழுப்பும். போட்டிருப்பவரைத் தவிர யாருக்கும் கேட்காது. அவருக்கு அப்படி ஒரு மிஷினைத் தேர்ந்தெடுத்தேன். ஃபின்ச்சின் குரல் ரப்பர் பொம்மையை அமுக்கினால் வருவது மாதிரி இருக்கும். அதை அவருக்குக் கேட்கக்கூடிய சுருதிக்கு இறக்கி, விட்டு விட்டு வரும்படி அமைத்தேன். என் காதில் வைத்து வைத்துச் சரிபார்க்க நான்கு நாள் ஆயிற்று. சுற்றிலும் அமைதியாக இருந்தால் மட்டும் வரும். வெறும் வீட்டில் குருவி கத்தும், மகள் பக்கத்தில் இருந்தாலும் அவளுக்குக் கேட்காது. அவர் வெளியே சொல்லமாட்டார் என்று எனக்கு நிச்சயம். கேட்காததைக் கேட்கிறது என்று சொன்னவர், கேட்பதைக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு, புத்தி பிசகுகிறதோ என்று தனியாக உட்கார்ந்து பயப்படட்டும். அவ்வளவுதான் என் திட்டம். சாகடிக்க வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை.

இரண்டாவது வாரம் கதவைத் தட்டினார். முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, உங்க குருவி எப்படிக் கத்தும்? பொம்மை கத்தற மாதிரியா? ட்டீப் ட்டீப்னு?"

"ஆமா சார்."

"வந்துடுச்சும்மா. கெடைக்கலன்னு சொன்னீங்களே ஒண்ணு, அதுதான். நான் என் காதால கேட்டேன்."

அவர் பயப்படவே இல்லை, இன்ஸ்பெக்டர். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தினமும் ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணத்தில் தினை வைத்தார். கண்ட பறவைகளும் வந்து தின்றுவிட்டுப் போயின, அது அவருக்குச் சாட்சியாகிவிட்டது. நன்றாகச் சாப்பிட்டார், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்த ஆரம்பித்தார். பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி வைத்து ராங்கியின் செய்தி சொல்வார். இன்றைக்குக் காலையில் மாமரத்துப் பக்கம், மத்தியானம் கொல்லைப் பக்கம். ஒரு நாள் நானே மொட்டைமாடிக்குப் போய், நாலு மூலையும் பார்த்துவிட்டு இறங்கினேன். அந்தச் சத்தத்தைச் செய்தவள் நான். அந்த வெட்கக்கேட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு மாசமா மனசு அறுத்துக்கிட்டே இருந்துதும்மா. இப்பதான் நிம்மதியா இருக்கேன். அதுவே என்ன மன்னிச்சு வந்துடுச்சு" என்றார்.

மேஸ்திரி ஏசி பெட்டிக்கு அடியில் செத்துக் கிடந்தது. இவரை மன்னித்தாயிற்றாம். மன்னித்தது யார்? நான் மன்னிக்கவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து நான் செய்த சத்தம், என் அனுமதி இல்லாமல் அவரை மன்னித்துக்கொண்டிருந்தது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

மாதம் ஒருமுறை மிஷினைச் சுத்தம் செய்ய அவர் நிலையத்துக்கு வருவார். அந்த மாதம் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். அவர் தேட ஆரம்பித்தார். கொல்லையில் நின்றார், மாடிப்படியில் நின்றார், பிறகு மொட்டைமாடிக்குப் போனார். கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து அவர் எட்டிப் பார்ப்பதை இரண்டு முறை கீழே தெருவில் நின்று பார்த்தேன். எழுபத்தோரு வயது. கால் தரையில் பட்டிருக்காது.

மூன்றாவது மாதம் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். மிஷினின் நினைவில் தேதியோடு பதிந்திருக்கும். மகள் அதை வேறொரு முதியவருக்குக் கொடுக்கலாம் என்று இன்னொரு கடைக்கு எடுத்துப்போய், அங்கே ஒருவர் பழைய அமைப்புகளைப் பார்த்து, அப்படித்தானே நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆனால் நான் இனிமேல் சொல்வது அதில் இருக்காது.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், அவர் மேலே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "காணமேம்மா. நாலு நாளாச்சு. எங்க போயிருக்கும்?" என்றார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். நிதானமாகத்தான் பேசினேன்.

"போயிருக்காது சார். அடைகாக்கறப்பவும் குஞ்சு இருக்கறப்பவும் சத்தம் போடாது. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, கைப்பிடிச் சுவருக்கு வெளிய, கீழ ஒரு சன்ஷேடு இருக்கு பாருங்க. அங்கதான் கூடு கட்டியிருக்கும். கிட்டப் போனாதான் தெரியும்."

"குஞ்சா?" என்று கேட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அவர் என் கதவைத் தாண்டி ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது. மாடிக் கதவின் தாழ்ப்பாள் கேட்டது. தொட்டிப் பக்கம் தகரம் ஒன்றை நகர்த்தினார், அதுவும் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும், நல்ல மிஷின் அது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மடித்தேன்.

நான்தான் முதலில் கீழே போனேன். பின்பக்கச் சிமெண்ட் தரையில் கிடந்தார். சுற்றிலும் தினை சிதறியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினார். அவருக்கு நினைவு இருந்தது. மிஷின் காதிலேயே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். என்னை அடையாளம் கண்டு, "குஞ்சு இருக்காம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியும். காதருகே குனிந்து, "ஒரு குருவியும் இல்ல சார். எதுவும் திரும்பி வரல. நீங்க கேட்டது நான் வெச்ச சத்தம்" என்றேன். தெளிவாகக் கேட்டது அவருக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. என்னைக் கேட்டால், சாகப்போகிற மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.