இன்னும் கொஞ்சம் தண்ணி

– இன்னும் கொஞ்சம் குடி. பாட்டில்ல பாதி அப்படியே இருக்கு பாரு.

– வயிறு தளும்புதுக்கா. போதும்.

– போதுமாம். உள்ள போயி வரலைன்னு நிப்ப. அந்தக் கக்கூஸ்ல குழாயக்கூட அடைச்சு வச்சிருப்பாங்க, ஒருத்தி கதவுக்கு வெளியவே காவல் நிப்பா. பயத்துல உனக்கு ஒரு சொட்டு வராது. குடி.

– கஞ்சா அடிக்கிறேனான்னு பாக்குறதுக்கு இத்தனை காவலா? நீயும் கூட வாயேன்.

– நான் எதுக்கு? எனக்கா இடம் கிடைச்சிருக்கு? நர்ஸ் படிக்கப் போறது நீ. மூத்திரம் குடுக்கப் போறதும் நீ. நான் காரோட்டிக்கிட்டு வந்தவ.

– ஆரம்பிச்சுட்டியா. ஏசியப் போடுக்கா, காலையிலேயே வேகுது.

– போட்டா வண்டி இருமும். சன்னலை இறக்கு. நாளைக்கு நர்ஸம்மா ஆனதும் நல்ல வண்டியா வாங்கிக்க.

– எல்வீராக்கா, அம்மா வீட்டு விருந்துல நீ வாயே தொறக்காம இருந்தப்பவே நினைச்சேன், இது என்னைக்காவது வெடிக்கும்னு.

– வாயத் தொறக்க எனக்கு நேரம் எங்க இருந்துச்சு? 'என் யாரெலி நர்ஸ் படிப்புல சேந்துட்டா'ன்னு தெருவையே கூப்பிட்டு அம்மா தமாலே குடுத்தாளே, அதை யாரு கட்டுனா? விடிஞ்சதுலேருந்து சோளத்தோல்ல மாவத் தடவிக்கிட்டு இருந்தது நான். என் கையெல்லாம் மாவு, உன் தலைக்கு மேல பலூன்.

– நானா கட்டச் சொன்னேன்?

– அம்மா சொன்னா. 'உனக்கும் ஒருநா வரும் எல்வீரா, மொதல்ல அந்த வெங்காயத்த நறுக்கு'ன்னா.

– ஐயோ, சிரிப்பு வருதுக்கா.

– சிரி. கேட்டுக்க, ஒண்ணு வாய்விட்டே சொல்றேன். எனக்கு எரியுது. வயிறு எரியுது. காலேஜ் குடுத்த அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னியே, அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல.

– தெரியும்.

– என்ன தெரியும் உனக்கு? முதியோர் இல்லத்துல கிழவன் கிழவியத் தூக்கித் தூக்கியே என் இடுப்பு போச்சு. படிப்ப முடிச்சுட்டு வர்ற சின்னப் பொண்ணுங்க எல்லாம் 'எல்வீரா, இதை அள்ளு, எல்வீரா, அவரைத் திருப்பு'ன்னு ஏவுதுங்க. இனி நீயும் ஒருநா அங்க வந்து நின்னு 'எல்வீரா'ம்ப.

– நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன்.

– வேலையில அக்காவும் கிடையாது தங்கச்சியும் கிடையாது.

– எனக்கு எதுவுமே நல்லது நடக்கக் கூடாதாக்கா?

– உனக்குத்தான்டி எல்லாம் நடக்குது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான். எனக்குப் பதினஞ்சு வயசு விருந்து வைக்கணும்னு அம்மா ரோசாக் கலர்ல துணி எடுத்து வச்சிருந்தா. அந்த வருஷம் பாத்து நீ வந்து பொறந்த. விருந்தும் இல்ல, நடனமும் இல்ல. அந்தத் துணி உன் தொட்டிலுக்குத் திரையாச்சு.

– அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? என்னைக் கேட்டா பெத்தாங்க?

– உனக்குப் பதினஞ்சு வந்தப்ப மண்டபம், பாட்டுக்காரங்க, அடுக்கடுக்கா கேக்கு. உன் கவுனப் பின்னாடி தூக்கிப் புடிச்சுக்கிட்டு வந்தது யாரு?

– நீதான். அன்னைக்கு நீ அழுதே. சந்தோசத்துல அழுறேன்னு எல்லார்கிட்டயும் சொன்னே.

– குடி.

– குடிக்கிறேன், இரு. அக்கா, நான் பாட்டுக்கு ஆரஞ்சுக் கொட்டகையில பழம் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். நீதானே 'சாயங்காலக் கிளாசுக்குத் தனியாப் போகப் புடிக்கல, நீயும் வாடி'ன்னு இழுத்துட்டுப் போன? எலும்பு பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வச்சதும் நீதான். விண்ணப்பம் போட வச்சதும் நீதான்.

– அதைத்தான் சொல்றேன். என் கையாலயே குழி வெட்டிக்கிட்டேன். மார்க்கப் பாத்து எடுத்தா நான் முன்னாடி நின்னுருப்பேன். இவங்க பாசானவங்க பேரையெல்லாம் ஒரே பானையில போட்டுல்ல குலுக்குறாங்க. நான் வருஷக்கணக்கா அந்தப் பானைக்குள்ளயே கிடக்கேன். நீ நேத்து வந்து விழுந்தே, உன்னத் தூக்கிட்டாங்க.

– குலுக்கல்னா அப்படித்தானேக்கா. நீயும் காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆளு. ஒருத்தர் விலகுனாப் போதும், உன்னைத்தான் கூப்பிடுவாங்க.

– யாரு விலகுவா? ஃப்ரெஸ்னோவுல தனியார் காலேஜுக்குப் போகணும்னா வீட்ட விக்கணும், எனக்கு வீடே வாடகை. எல்லாருக்கும் அதே நிலைமதான். கிடைச்ச இடத்த எவளும் விட மாட்டா.

– அடுத்த வருஷம் மறுபடி...

– எனக்கு அடுத்த வருஷம் இல்ல. என் உடம்புப் பாடமெல்லாம் இந்தக் கோடையோட செல்லாமப் போகுது. எலும்பு இருந்த எடத்துலதான் இருக்கு, நான் படிச்சதுதான் பழசாம். மறுபடி முதல்லேருந்து படிச்சுட்டு வான்னுட்டாங்க. பிள்ளைங்கள யாரு பாப்பா? எம் புருசன் சாமுவேலும் சொல்லிட்டான், 'போதும், விட்டுரு'ன்னு. இத்தோட என் கதை முடிஞ்சுது.

– அதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், நான் விட்டுடறேன், நீ போன்னு.

– வாய மூடு. உன் எச்சிலு எனக்கு வேணாம். நீ விட்டுக் குடுத்து நான் படிச்சேன்னு வை, சாகுற வரைக்கும் அம்மா அதைத்தான் பேசுவா. 'யாரெலி போட்ட பிச்சை'ம்பா. அதுக்கு நான் கிழவிங்களக் கழுவிக்கிட்டே செத்துருவேன்.

– அப்ப எப்படித்தான் வாங்கிக்குவ?

– எனக்குத் தானா விழுந்தா வாங்கிக்குவேன். ஒருத்தி தயவுல வேணாம்.

– ம்.

– என்ன ம்? உனக்கென்ன அந்தப் படிப்பு மேல அம்புட்டு ஆசையா? ரத்தத்தப் பாத்தா மயங்கி விழுறவ.

– அது முன்னாடி. இப்ப எனக்கும் ஆசை வந்துருச்சுக்கா. நீலச் சட்டையப் போட்டப்ப என் முகமே எனக்குப் புதுசாத் தெரிஞ்சுது. பழத்துக்கு நடுவுலயே காலம் போயிருமோன்னு இருந்துச்சு, இல்லன்னு ஆயிருச்சு.

– கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

– நம்ம சாயங்காலக் கிளாஸ் டெய்சியும் போன வருஷம் இப்படித்தான் சொன்னா, இடம் கிடைச்சப்ப...

– டெய்சி பேச்சு இப்ப எதுக்கு? இந்தா, இது புது பாட்டில். சில்லுன்னு இருக்கு.

– இதுவுமா?

– இதுவும்தான். உள்ள போயி அடைச்சுக்கிட்டு நின்னா நாளைக்கு வரச் சொல்லுவாங்க. நாளைக்கு எனக்கு லீவு இல்ல.

– சரி. நீ சொன்னாக் குடிக்கிறேன். பாத்துக்க. இந்தா, காலி.

– ம்.

– ஏன்கா என் முகத்தையே பாக்க மாட்டேங்குற?

– வெயிலு கண்ணுல அடிக்குது. அடையாள அட்டைய எடுத்துக்கிட்டியா?

– எடுத்துக்கிட்டேன். போகட்டுமா?

– போ.

– நிஜமாவே போகட்டுமா, எல்வீராக்கா?

– போன்னு சொல்றேன்ல. கதவச் சாத்திட்டுப் போ.

– யாருங்க அது? டெஸ்ட்டுக்கு வந்தவங்க வரிசையில நிக்கணும், நேரா கவுண்டர் கண்ணாடிக்கிட்ட வரக் கூடாது.

– நான் டெஸ்ட்டுக்கு வரல மேடம். இப்ப உள்ள போனாளே, பச்சைப் பூப்போட்ட சட்டை, அது என் தங்கச்சி. யாரெலி. நர்ஸ் காலேஜுக்காக வந்தவ. அவளைக் கொஞ்சம் வெளிய கூப்பிடணும்.

– அவங்க பைய வாங்கிப் பூட்டியாச்சு, கையில கோப்பையும் குடுத்தாச்சு. உள்ள போனவங்களக் கூப்பிடுறதில்லைங்க. விதி அப்படி.

– அவ நிறையத் தண்ணி குடிச்சிருக்கா மேடம். வேற ஒரு நாள் வர்றோம்னு சொல்லிருங்க.

– கோப்பையக் கையில வாங்குனப்புறம் வேற நாள் கிடையாது. அதுவும் விதிதான். மூத்திரம் தண்ணியா இருந்தா, தண்ணியா இருக்குன்னு எழுதி காலேஜுக்கு அனுப்புவோம்.

– அப்படி எழுதுனா அந்தக் காலேஜ்ல சேத்துக்க மாட்டாங்க மேடம். எதையோ மறைக்கத்தான் இப்படிக் குடிச்சிருக்கான்னு சொல்லி, இடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க.

– இவ்வளவு தெரிஞ்ச நீங்க அவங்களத் தடுத்திருக்கலாமே?

– நான்தான் குடிக்க வச்சேன்.

– தெரிஞ்சேவா?

– தெரிஞ்சேதான். அந்த அடுத்த ஆளு நான். கதவ ஒரு தட்டு தட்டுங்க மேடம், உங்க கால்ல வேணாலும் விழுறேன். அவளை நான் தூக்கி வளத்தேன்.

– என் கால்ல விழுந்து என்ன ஆகப் போவுது? அந்தா, வந்துட்டாங்க உங்க தங்கச்சி.

– நீ எதுக்குக்கா உள்ள வந்த? என்ன இப்படி வேர்த்திருக்கு உனக்கு?

– குடுத்துட்டியா?

– குடுத்துட்டேன். கோப்பை நிறைய. பச்சைத் தண்ணியாட்டம் இருந்துச்சு. வாங்குனவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா.

– யாரெலி, நான் பாவம் பண்ணிட்டேன்டி. அந்தத் தண்ணி...

– வா, வண்டிக்குப் போலாம். எல்லாரும் பாக்குறாங்க.

– பாக்கட்டும். நீ கேளு. டெய்சிக்கு இடம் போனது எதனாலன்னா...

– எதனாலன்னு எனக்குத் தெரியும். அம்மா வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு நீதானே சொன்ன, 'அந்த லூசு தண்ணியக் குடிச்சே இடத்தத் தொலைச்சுட்டா'ன்னு. அங்க பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தது நான்.

– தெரிஞ்சா குடிச்ச? அத்தனையும் தெரிஞ்சா குடிச்ச?

– முதல் பாட்டில நீட்டுனப்பவே தெரியும். எங்கயாவது நீ நிறுத்துவன்னு பாத்தேன், நிறுத்தல.

– அப்புறம் ஏன்டி குடிச்ச? உனக்குந்தான் ஆசைன்னியே.

– ஆசைதான். ஆனா நான் குடுத்தா நீ வாங்க மாட்டேன்னுட்ட. சரி, நீயே திருடிக்கோன்னு விட்டுட்டேன்.