ஐசக் நின்று கேட்ட ஆறு நிமிடம்

உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லியைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் கிடையாது. புனேயில் இதைவிட மோசமான இட்லியெல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். நர்சுகள் நல்ல பிள்ளைகள். டாக்டர் என் நெஞ்சைப் பிளந்து தைத்ததிலும் ஒரு குறை சொல்ல முடியாது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ராஜஸ்ரீ மேடம். நான் செய்தது யார் மேலும் இருந்த கோபத்தில் செய்ததல்ல.

நடந்ததை எழுதிக் கொடுங்கள், எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று என் மகன் மூலமாகச் சொல்லி அனுப்பினீர்கள். எழுதுகிறேன். பெயர் கோவிந்தராஜ். வயது அறுபத்தெட்டு. பொள்ளாச்சிப் பக்கம் வருவாய்த் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறேன். பதறுகிறவன்தான் மாட்டிக்கொள்வான். நான் பதறவில்லை, ஆனாலும் மாட்டிக்கொண்டேன். அதற்குக் காரணம் உங்கள் பிசியோதெரபி வராந்தாவில் இருந்த கேமரா.

மனைவி போன பிறகு மகன் ராம்பிரசாத் என்னை இங்கே புனேயில் பாணேருக்கு அழைத்து வந்துவிட்டான். பதினோராவது மாடி. அவனும் மருமகள் சுப்ரஜாவும் தங்கமானவர்கள். காலையில் காதில் மாட்டியதை இரவில்தான் கழற்றுவார்கள். ஏதாவது பேசப் போனால் "அப்பா, மீட்டிங்" என்று ஒரு விரலைக் காட்டுவார்கள். நானும் ஒரு விரலைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். வாட்ச்மேனுக்கு மராத்தி. காய்கறிக் கடையில் மராத்தி. லிஃப்டுக்கு இங்கிலீஷ். எனக்குத் தமிழைத் தவிர எதுவும் வராது. பதினான்கு மாதம் இப்படி ஓடியது. பிறகு நெஞ்சு வலி வந்தது.

பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் காலையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பந்துகள் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, இந்தியில் என்னவோ சொன்னீர்கள். நான் பலம் கொண்ட மட்டும் ஊதினேன். பந்து அசையவில்லை. நீங்கள் மறுபடி சொன்னீர்கள். நான் மறுபடி ஊதினேன். அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, ஊதாதீங்க. உள்ள இழுங்க."

என் வீட்டாரைத் தவிர, இந்த ஊரில் ஒருவர் என்னிடம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. இழுத்தேன். பந்து ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தையல் வலி என்று எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்தீர்கள். அது வலியல்ல, மேடம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகு நாளாகியிருந்தது.

அவர்தான் ஐசக். வயது ஐம்பத்தேழு. பூர்வீகம் நாசரேத் பக்கம், பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே புனே கேம்ப் பகுதியில். போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் சூப்பர்வைசர். எனக்கு முந்தின நாள் அவருக்கு பைபாஸ். அவருடைய தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கிடக்கும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சோற்றில் கல் இருக்கிறதென்று பட்டினி கிடப்பவன் எழுந்து போவதில்லை.

அன்று மாலையே எங்கள் இருவரையும் நடக்க விட்டீர்கள். ஆளுக்கொரு கையில் மூத்திரப் பை, இன்னொரு கையில் நெஞ்சோடு அணைத்த தலையணை. கதவு வரை போய் வந்தோம். அதற்குள் அவருடைய சர்ச், அவர் மகள் ஆஷா, என் கொலஸ்ட்ரால் மூன்றையும் பேசி முடித்துவிட்டோம். வீட்டுக்குப் போன பிறகும் திங்கள், புதன், வெள்ளி பத்து மணிக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னீர்கள். மற்ற நோயாளிகளை வீட்டார் இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் செவ்வாய்க்கிழமையும் ஒரு தடவை வந்து பார்த்தேன். பூட்டியிருந்தது.

நடைமெஷினில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து இடம். நான் என் சர்வீஸ் கதைகளைச் சொல்வேன். ஆனைமலைப் பக்கம் ஒரு பண்ணையார் இறந்துபோய், அவருடைய இரண்டு சம்சாரங்களும் ஒரே இரும்புப் பெட்டிக்கு உரிமை கேட்ட கதையை ஒரு புதன்கிழமை ஆரம்பித்தேன்.

"பெட்டியத் தொறக்கத் தாசில்தாரே ஜீப்புல வந்துட்டாருங்க தம்பி" என்றேன்.

ஐசக் தம்பி நின்றுவிட்டார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பேச்சு ருசியானால் கால் நின்றுவிடும். தெருவில் நின்றால் குற்றமில்லை. மெஷின் அவருக்காக நிற்குமா? அது அவரை அப்படியே பின்னால் கொண்டுபோய், சட்டையில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு பிடுங்கிக்கொண்டதும், கீச்சென்று கத்தி ஓய்ந்தது. விழுந்துவிடாமல் கம்பியைப் பிடித்தபடி அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பொறவு?"

அன்று நான் எதையும் திட்டமிடவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான். வருவாய்த் துறையில் கவனிப்பதுதான் வேலையே.

எட்டாவது வாரம் பரிட்சை வைத்தீர்கள். வராந்தாவில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள். அவற்றைச் சுற்றிச் சுற்றி ஆறு நிமிடம் நடக்க வேண்டும். நானூறு மீட்டரைத் தாண்டினால் சர்டிபிகேட், அதன் பிறகு பயிற்சிக்கு வர வேண்டாம். மாதக் கடைசிக்குள் அதைக் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக ஐசக் தம்பியின் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

"அரே, சர்டிபிகேட் கெடைச்சா திங்கக்கெழமையே டியூட்டிதான் அண்ணாச்சி. இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தேன்.

என் பரிட்சை முதலில் நடந்தது. நூறு மீட்டரில் முட்டி வலிக்கிறதென்று உட்கார்ந்துவிட்டேன். இன்னும் நான்கு வாரம் வரச் சொன்னீர்கள். முட்டியில் ஒன்றுமில்லை. ஆனால் நான் மட்டும் வந்து என்ன பயன்? இரண்டு நாள் கழித்து அவர் பரிட்சை. வேடிக்கை பார்ப்பதாகச் சொல்லி ஒரு கூம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நடக்கிறவர் பேசக் கூடாது என்பது விதி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

முதல் தடவை அவர் திரும்பும்போது, "பூட்டை ஒடச்சாச்சுங்க தம்பி" என்றேன். கால் லேசாகத் தடுமாறியது. போய்விட்டார்.

இரண்டாம் தடவை, "மூடியத் தூக்குனா உள்ளுக்குள்ள இன்னொரு பெட்டிங்க" என்றேன். நின்றார். நீங்கள் "ச்சலா, காகா, ச்சலா" என்று நடக்கச் சொல்லிக் கை தட்டினீர்கள். மனமில்லாமல் போனார்.

மூன்றாம் தடவை, "அந்தச் சின்னப் பெட்டியப் பார்த்ததும் மூத்த சம்சாரம் மயங்கி விழுந்துட்டாங்க" என்றேன்.

"மூத்தவ எதுக்கு விழுதா?" என்று கேட்டுவிட்டு, கூம்பில் கை ஊன்றி அங்கேயே நின்றுகொண்டார். நான் அவசரப்படாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். தமிழ் புரியாததால், நான் அவரை உற்சாகப்படுத்துவதாக நினைத்து நீங்கள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினீர்கள். மரியாதைக்காக நானும் உயர்த்தினேன்.

நூற்றைம்பது மீட்டர்.

நான்காவது வாரம் முந்நூற்றைம்பது நடந்த மனிதர். டாக்டர் பயந்துவிட்டார். வைத்த குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று முடிவு கட்டி, அவர் கையில் ஊசி குத்திக் கம்பி விட்டு ஆஞ்சியோ பார்த்தார்கள். நாசிக்கிலிருந்து ஆஷா ஓடி வந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அங்கிள், அப்பாக்கு... திரும்ப ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

"ஒண்ணும் இருக்காதுங் கண்ணு. அழுகாதே" என்று டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கட்டடத்தில் என்னளவு நிச்சயமாக அதைச் சொல்லியிருக்கக் கூடியவர் வேறு யாரும் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல்.

ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கும் நான்கு வாரம் நீட்டித்தீர்கள். அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

அந்த வாரங்கள் நன்றாகப் போயின. ஐசக் தம்பி மட்டும் கொஞ்சம் இளைத்தார். படி ஏறுவதை நிறுத்தினார். தன் அடக்க ஆராதனையில் பாட வேண்டிய பாட்டுகள் என்று மூன்றை எடுத்து வைத்து, எனக்குப் பாடிக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். இரண்டாவது பாட்டு நன்றாக இருந்தது. அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். போசரியிலிருந்து போன் வந்த அன்று முகம் தொங்கிப்போய் இருந்தார்.

"நௌக்ரி போயிரும் போல அண்ணாச்சி" என்றார்.

"வேலை கெடக்குதுங்க தம்பி. ஒடம்பு முக்கியம்" என்றேன். இதை எந்த டாக்டரும் சொல்வார்.

அதற்குள் உங்களுக்குச் சந்தேகம் வந்து, கேமராவில் பதிவானதைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். என் நாற்காலியருகே வரும்போதெல்லாம் அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அதில் தெளிவாகத் தெரிந்ததாம். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்துக் கீழே மருந்துக் கடைக்கு அனுப்பினீர்கள். சீட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நல்ல யுக்தி, பாராட்டுகிறேன். நான் மேலே வருவதற்குள் ஐசக் தம்பி நானூற்று அறுபத்தைந்து மீட்டர் நடந்து முடித்து, சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஷாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்.

லிஃப்ட் கதவு மூடும்போதும் அவர் கேட்டது, "அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருந்துச்சு அண்ணாச்சி?" என்றுதான். அடுத்த தடவை சொல்கிறேன் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது, மேடம். பெட்டியைத் திறந்த அன்று நான் லீவு.

ஆக, குற்றத்தை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். நல்ல நெஞ்சோடு இருந்த ஒருவரை நெஞ்சு கெட்டவர் என்று எல்லோரையும் நம்ப வைத்தேன். அவரையும் நம்ப வைத்தேன். செய்தது தப்பு. இப்போது முழுக்கத் திருந்திவிட்டேன். எனக்கு அவரிடம் இனி எதுவும் வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம். இதை உங்களுக்குப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். என் மகனிடம் கொடுக்க வேண்டாம், அவனுக்கு மீட்டிங் இருக்கும். எனக்குத் தெரிந்து ஐசக் தம்பி ஒருவர்தான் இருக்கிறார். அவர் சர்ச் பாட்டுப் புத்தகத்தையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், என் கையெழுத்தோ ரொம்ப நெருக்கம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போனால் அதிகம். சந்தேகம் வருகிற இடத்தில் சொல்லிக் கொடுக்க நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். போசரியில் வியாழக்கிழமை விடுமுறை. அவர் பத்து மணிக்கு வந்தால் போதும், நான் ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்திருப்பேன்.