மேல் ஸ்தாயி

சிவபிரகாஷ்: ...அதைய ஏன் கோழிக்குஞ்சாட்டம் கைக்குள்ளயே பொத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கற? குடு, சித்த நேரம் நான் வெச்சிருக்கறேன்.

பிரியா: வேண்டாமுங்க. உங்க கையில மிசின் ஆயில் வாசம் அடிக்குது.

சிவபிரகாஷ்: மேடையேறப் போறவளோட புருசனாச்சேன்னு ரெண்டு தடவை சோப்புப் போட்டுட்டு வந்தேன்.

பிரியா: நிட்டிங் மிசின் ஓட்டறவங்க கையி சோப்புக்கெல்லாம் போயிருமாக்கும். இது சூடா இருக்கோணுமுங்க. குளுந்து கெடந்தா உள்ள இருக்கற வால்வு ஒட்டிக்கும். மொதல் சத்தமே இருமலாட்டம் வரும்.

சிவபிரகாஷ்: வந்தா வரட்டும். வெளிய பாதிப் பேரு இருமிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கறாங்க. கூட்டத்தோட சேந்துக்கும்.

பிரியா: மெதுவாப் பேசுங்க. இது கண்ணால மண்டபம், உங்க மிசின் ரூம் இல்ல. திருப்பூரு ராயபுரம் முழுக்கக் கேக்குது.

சிவபிரகாஷ்: பழகிருச்சு, என்ன பண்ண. ஒரு டீயாச்சும் குடிச்சுக்க. ஏலக்கா எல்லாம் போட்டு வெச்சிருக்கறாங்க.

பிரியா: சக்கரை வாயில இருந்தா உள்ள சத்தம் குடுக்கற ரீடுத் தகட்டுல போய் ஒட்டும். காலையில இருந்து வெறுந்தண்ணிதான்.

சிவபிரகாஷ்: கிருத்திகைக்கு விரதம் இருன்னா மயக்கம் வருதும்ப. இந்தத் தகர டப்பாவுக்கு மட்டும் பட்டினி கெடப்ப.

பிரியா: தகர டப்பாவா? பொங்கலுக்கு வந்த ஒறம்பரைச் சொந்தக்காரங்ககிட்டயெல்லாம், ‘என்ற ஊட்டுக்காரி வாசிக்கறது சாதா மவுத் ஆர்கன் இல்ல, குரோமாட்டிக் ஹார்மோனிகா, பக்கத்துல இருக்கற பொத்தானை அமுத்தினா அரைச் சுரம் ஏறும்’னு பாடம் நடத்தினது யாருங்க?

சிவபிரகாஷ்: அது ஒறம்பரைக்கு. நமக்குள்ள தகர டப்பாதான்.

பிரியா: சரிங்க.

சிவபிரகாஷ்: ஆனா இது பழைய டப்பா இல்லியே. பாக்கறதுக்கு அண்ணந்தம்பியாட்டம் ஒண்ணுபோலத்தான் இருக்குது. இதுக்குக் கட்டைக் குரல். அந்தச் சின்னக் குரலுக்காரனுக்கு என்னாச்சு?

பிரியா: அவனுக்குள்ள பஞ்சு போயிருச்சுங்க.

சிவபிரகாஷ்: பஞ்சா? கம்பெனியில இருந்து வந்து தலைக்குத் தண்ணி வாத்து, துணி மாத்தி, கதவைச் சாத்திட்டுத்தானே அதையத் தொடுவ?

பிரியா: திருப்பூருல கதவைச் சாத்தினா பஞ்சு வராதுங்களா... இருங்க, யாரோ தட்டறாங்க.

மகுடேஸ்வரன்: உள்ள வரலாமுங்களா?

பிரியா: வாங்க சார். ஏனுங்க, இவருதான் மகுடேஸ்வரன் சார். கோயமுத்தூருல இருந்து வயலினு, செல்லோன்னு எல்லாத்தையும் கூட்டியாந்து இன்னிக்கு நடத்தறவரு. சார், இவரு என்ற ஊட்டுக்காரரு, சிவபிரகாஷ்.

சிவபிரகாஷ்: வணக்கமுங்க. எங்க அம்முணியப் போட்டுப் பாடாப் படுத்தறீங்களாமா?

மகுடேஸ்வரன்: நானுங்களா? உங்க அம்முணிதானுங்க என்றகிட்ட இருக்கற அத்தனை பேரையும் பாடாப் படுத்திட்டாங்க. மெட்டு எழுதின தாளையெல்லாம் மறுபடியும் எழுத வெச்சுட்டாங்க. பிரியா, கடைசியா ஒருக்கா கேக்கறேன்.

பிரியா: கேளுங்க சார்.

மகுடேஸ்வரன்: அந்த நடுப் பாகம், மெதுவாப் போற பாகம். அதைய வயலினுக்குன்னு எழுதினவரு மேல் ஸ்தாயியிலதான் எழுதி வெச்சிருக்கறாரு. சும்மா நூலாட்டம் மெல்லிசா மேல போகோணும். நீங்க அதைய ஒரு ஸ்தாயி கீழ எறக்கி, இந்தக் கட்டைக் குரல்ல வாசிக்கறேங்கறீங்க. அழகுதான், இல்லீங்கல. ஆனா முன்வரிசையில மும்பைக்காரங்க ரெண்டு பேரு உக்காந்திருக்கறாங்க.

சிவபிரகாஷ்: அவங்க எதுக்குங்க வந்திருக்கறாங்க? பனியன் எடுக்கவா?

மகுடேஸ்வரன்: டிசம்பர்ல அங்க பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோட தனியா வாசிக்க ஒரு ஆளு தேடறாங்க. மேல் ஸ்தாயி கேட்டாத்தான் அவங்களுக்கு இவங்க கை தெரியும். பிரியாவால முடியும், ஒத்திகையில நானே கேட்டிருக்கறேன்.

பிரியா: உதடு வெடிச்சிருக்குதுங்க சார். மேல போனா எரியும்.

சிவபிரகாஷ்: எனக்குப் பஞ்சுன்ன, சாருக்கு உதடுங்கற. மூணாவது ஆளு வந்தா என்ன சொல்லுவ?

பிரியா: நீங்க சித்த சும்மா இருங்க.

மகுடேஸ்வரன்: அந்தச் சின்னக் குரலு ஹார்மோனிகா பையில இருக்குதுங்கள்ல?

பிரியா: இருக்குதுங்க.

மகுடேஸ்வரன்: யோசிங்க. நடுப் பாகம் ஆரம்பிக்கறப்ப நீங்க எதையக் கையில எடுத்தாலும், நாங்க கூட வர்றோம். எங்க தாளு ரெண்டுக்கும் ஒத்துவரும். வர்றனுங்க.

சிவபிரகாஷ்: ...நல்ல மனுசனா இருக்கறாரே. பேச்சைக் கேட்டாத்தான் என்ன?

பிரியா: கேட்டுட்டுத்தானே இருந்தேன்.

சிவபிரகாஷ்: உனக்கு வாசிக்கச் சொல்லிக்குடுத்த ஜப்பான்காரம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டும். அது எவ்வளவு பாடுபட்டுச்சு உனக்கு மேல் சத்தம் கொண்டாற.

பிரியா: அந்தம்மா திட்டறதே மூணு வார்த்தைதானுங்க. ‘நோ’, ‘அகெய்ன்’, ‘சாஃப்ட்’.

சிவபிரகாஷ்: நான் மொதல்ல என்ன நெனச்சேன் தெரியுமா? அந்தம்மா உங்க கம்பெனிக்குப் பனியன் பீஸ் செக் பண்ண வந்த ஆடிட்டரு. நீ கியூசி டேபிள்ல அளவு பாத்துட்டிருந்தவ. வேலை நிமித்தமா வீடியோ கால்ல பேசறீங்கன்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா, அங்கயும் இங்கயும் வாயில டப்பா.

பிரியா: கரண்டு போன அன்னிக்குக் கேன்டீன்ல அந்தம்மா வாசிச்சதை நீங்க கேட்டிருக்கோணும். மிசினெல்லாம் நின்னு போய், ஒரே அமைதி. நூறு பொம்பளைங்க சாப்பாட்டுத் தட்டைக் கீழ வெச்சுட்டு உக்காந்திருந்தோம். எனக்கு அப்ப வீசிங் வேற. டாக்டரு மூச்சுப் பயிற்சி பண்ணுன்னாரு. இதையே பண்ணிப் பாக்கலாமான்னு கையச் சாடையாக் காட்டித்தான் கேட்டேன்.

சிவபிரகாஷ்: மூச்சுப் பயிற்சின்னு சொல்லித்தான் என்றகிட்டயும் பர்மிசன் வாங்கின. அப்பறம் ஒரே சுரத்தை மழைக்காலம் பூராவும் ஊதின. ஊதறது, இழுக்கறது. ஊதறது, இழுக்கறது. ஊட்டுல பாம்பு பூந்துருச்சுன்னு மேல் மாடிக்காரங்க வந்து கேட்டாங்க.

பிரியா: விடற மூச்சும் எடுக்கற மூச்சும் ஒண்ணுபோலக் கேக்கோணுமுங்க. அது வராம அடுத்த சுரத்துக்கு விட மாட்டேன்னுருச்சு. பனியன் துணியில ஒரு துண்டை வெட்டி முன்னாடி தொங்கவிட்டு வாசின்னுச்சு. துணி அசையலாம், படபடக்கக் கூடாது.

சிவபிரகாஷ்: கட்டிங் வேஸ்ட்டுக்கு அப்பிடி ஒரு மரியாதை அன்னிக்குத்தான் கெடச்சுது. அதுக்கப்பறம் காருக்குள்ள உக்காந்து வாசிக்க ஆரம்பிச்ச, கண்ணாடிய ஏத்திட்டு.

பிரியா: மேல் மாடிக்காரங்களுக்குப் பயந்துதான்.

சிவபிரகாஷ்: நம்ம வாச்மேன் என்றகிட்ட ஓடியாந்து, ‘சாப், மேடம் ரோ ரஹீ ஹைங்’குறான். அவ அழுகலப்பா, அவளுக்கு அது சந்தோசம்னு சொன்னேன். அவன் நம்பல. ஒரு வாரம் என்னைய மொறச்சுட்டே திரிஞ்சான். நான் உன்னைய அடிச்சுப்போட்டேன்னு நெனச்சிருக்கறான்.

பிரியா: ...சிரிக்க வெக்காதீங்க. மூச்சு போயிரும்.

சிவபிரகாஷ்: சிரி. டப்பாவப் போட்டு நெரிச்சுட்டிருந்த கையி தளந்துருச்சு பாரு.

பிரியா: நெரிச்சனுங்களா?

சிவபிரகாஷ்: வந்ததுல இருந்து. அதுக்குத்தானே இவ்வளவு பேச்சு... போ, கூப்படறாங்க. எதைய எடுத்துக்கற?

பிரியா: கட்டையனைத்தானுங்க.

*

மகுடேஸ்வரன்: பிரியா, காரை எடுத்தராதீங்க. ஒரு நிமிசம்.

பிரியா: கண்ணாடிய எறக்குங்க. சார் வர்றாரு.

மகுடேஸ்வரன்: மும்பைக்காரங்ககிட்டப் பேசிட்டு வர்றேன். வந்து... டிசம்பருக்கு, மொதல்ல புல்லாங்குழல் வாசிச்சுதே, ஜனனி, அந்தப் புள்ளையத்தான் கூப்படறாங்களாமா.

பிரியா: நல்லதுங்க சார். அது நல்லா வாசிச்சுது.

மகுடேஸ்வரன்: உங்களைய, மூச்சு சுத்தமா இருக்குதுன்னாங்க. ஆனா மேல போகவே இல்லியே, போக வராதான்னு கேட்டாங்க. வருமுன்னேன். அப்ப அடுத்த வருசம் பாக்கலாமுன்னுட்டாங்க.

சிவபிரகாஷ்: உதடு வெடிச்சிருக்குதுன்னு சொல்லியிருக்கலாமுல்லீங்க?

மகுடேஸ்வரன்: சொன்னனுங்க. ஆனா ஒண்ணு. அந்த நடுப் பாகத்துல என்ற செல்லோக்காரன் வாசிக்க வேண்டிய எடத்துல வில்லைத் தூக்க மறந்துட்டு உங்களையே பாத்துட்டிருந்தான். எனக்குக் கோவமே வரல. போயிட்டு வாங்க.

பிரியா: வர்றோமுங்க சார்.

சிவபிரகாஷ்: ...போச்சு.

பிரியா: என்னங்க போச்சு?

சிவபிரகாஷ்: டிசம்பரு போச்சு. மேல வாசிச்சிருந்தா அது உன்றதுதானே?

பிரியா: இருக்கலாமுங்க.

சிவபிரகாஷ்: இருக்கலாமுங்கறா, என்னமோ மார்க்கெட்டுல தக்காளி வெலை ஏறிப் போச்சுங்கற மாதிரி. எத்தனை வருசத்துப் பாடு. குளுந்த தண்ணியக் குடிக்காம, காரம் திங்காம, கண்ணாலத்துக்குப் போனா ஒரு ஜிலேபி தொடாம...

பிரியா: ஜிலேபி இப்ப வாங்கிக் குடுங்க. அவினாசி ரோட்டுல சூடாப் போடுவாங்க.

சிவபிரகாஷ்: பேச்சை மாத்தாத. நெசமாலுமே கேக்கறேன். ஊட்டுல சின்னதுல அதே பாகத்தை மேல வாசிப்பியே. எப்பிடி இருக்கும் அது.

பிரியா: எப்பிடிங்க இருக்கும்?

சிவபிரகாஷ்: நல்லா இருக்கும்.

பிரியா: நல்லான்னா?

சிவபிரகாஷ்: நல்லான்னா... ஜிவ்வுன்னு இருக்கும்.

பிரியா: ஜிவ்வுன்னு. அப்பறம்?

சிவபிரகாஷ்: பரீட்சையா வெக்கற? ரோட்டைப் பாத்து ஓட்ட விடு.

பிரியா: சிக்னல்ல நிக்கறமுங்க.

சிவபிரகாஷ்: இரு, இந்தக் கண்ணாடியில ஒரே தூசி, தொடச்சுக்கறேன்.

பிரியா: பச்சை விழுந்துருச்சு. பின்னாடி கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிக்கறான்.

சிவபிரகாஷ்: இரு, ஓரங்கட்டறேன்.

பிரியா: ஜிலேபிக் கடை இன்னும் வரலியே.

சிவபிரகாஷ்: ஜிலேபிக்கு இல்ல... அம்முணி, உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும். சிரிக்கக் கூடாது.

பிரியா: சொல்லுங்க.

சிவபிரகாஷ்: அந்த மேல் சத்தமெல்லாம் எனக்குக் கேக்கறதில்ல. டாக்டருகிட்டப் போய்ப் பாத்துட்டேன், உன்றகிட்டச் சொல்லாம. நிட்டிங் மிசின் கூடவே நின்னு நின்னு காது போயிருச்சாமா. பேச்சுக் கேக்கும், மேல போற சத்தம் மட்டும் கேக்காது. நீ அங்க போனா உன்ற விரலு பொத்தானை அமுத்தறது தெரியும், தோளு ஏறி எறங்கறது தெரியும். அவ்வளவுதான். உன்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்து, நீ டப்பாவ வாயில இருந்து எடுத்ததும் நல்லா இருந்துச்சும்பேன்... நீ பட்ட பாட்டுக்கு, கேக்கலேன்னு எப்பிடிச் சொல்லறது.

பிரியா: தெரியுமுங்க. ஆடியில ஒரு நாளு சின்னதுல மேல ஒரு ரீடு ஒடஞ்சு, அந்தச் சுரம் வர்ற எடத்துலயெல்லாம் வெறுங்காத்துத்தான் வந்துச்சு. நிறுத்தாம வாசிச்சுப் பாத்தேன். நீங்க கண்ணை மூடித் தலையாட்டிட்டிருந்தீங்க. ரீடை அடுத்த வாரமே மாத்தியாச்சு. கட்டையனை வாங்கினது, நீங்களும் கேக்கோணுமுன்னுதான்... இன்னிக்கு நடுப் பாகத்துல நீங்க துண்டை எடுத்துக் கண்ணைத் தொடச்சீங்க பாருங்க, அப்பறம் மும்பைக்காரங்க எந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்கன்னே நான் பாக்கலீங்க.