நிறுத்தும் முன் சொன்னது

என் பெயர், வயது, விலாசம் மேலே எழுதியபடி சரி. கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்தும் வேலை செய்கிறேன். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரை நான் கொன்றுவிட்டதாக அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

வேலை செய்த இடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து என் கணவருக்குத் தலையில் அடிபட்டது. அன்று முதல் மூச்சுக் கருவியில்தான் இருந்தார். கண் திறந்திருக்கும், ஆளைப் பார்க்காது. கடை முடிந்ததும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சவரம் செய்துவிடுவேன். முன்பெல்லாம் வேண்டுமென்றே முள்தாடியைக் கொண்டுவந்து என் கன்னத்தில் உரசுவார், தள்ளிப்போங்க என்று திட்டுவேன். இப்போது ஒரு தடவை உரசினால் போதும் என்றிருக்கிறது.

அதன் பிறகு டாக்டர் என்னையும் அண்ணியையும் கூப்பிட்டு, இனி நினைவு திரும்பாது என்றார். கருணைக்கொலை என்பதில் ஊசி போட்டு உயிரை எடுப்பது ஒரு விதம், அதைத் தாங்கள் செய்ய மாட்டோம் என்றும், கருவியை எடுத்துவிட்டு உயிரை அதன் போக்கில் விடுவது இன்னொரு விதம், அதற்கு மருத்துவர் குழுவும் மனைவியும் சம்மதிக்க வேண்டும் என்றும் விளக்கினார். எப்படிச் செய்தாலும் கொலை கொலைதான் என்றார் அண்ணி. மாமனார் இதேபோல் கிடந்தபோது, "எனக்கு இப்படி ஆச்சுன்னா பிடிச்சு வச்சுக்காத, விட்டுடு" என்று என் கணவர் என்னிடம் சொல்லியிருந்ததை நான் சொன்னேன்.

"நல்லா இருக்கறப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இப்ப அவனைக் கேட்டியா?" என்றார் அண்ணி.

அண்ணி கெட்டவர் அல்ல, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். குழு ஒப்புக்கொண்ட பிறகு நான் சம்மதம் சொன்னேன்.

அதன் பிறகு, கருவியை எடுக்கும் நாளில் நான் அவர் காதருகே குனிந்து, "நிறுத்தப் போறேன், இருட்டாகும், பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொன்னது உண்மை. அண்ணி வாசலில் நின்று கேட்டதும் உண்மை. இது என் கணவர் தொழிலில் சொல்வது. லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டால் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் வெளியே எடுப்பார். உள்ளே இருப்பவர்களிடம் இதைச் சொல்லாமல் ஒரு நாளும் சுவிட்சைத் தொட்டதில்லை. வீட்டுக் குழாய் ஒழுகினால் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார், அது வேறு கதை. அவருக்கும் யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நிறுத்தியவர் டாக்டர். என் கை என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் தானாகவே மூச்சு விட்டார். இது கொஞ்ச நேரம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தும், இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். விடச் சொன்னவளும் நான்தான். சாயங்காலத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

அவர் சாக வேண்டும் என்று விரும்பினீர்களா என்று அதிகாரி கேட்டார். அவருக்கு விடுதலை கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன். அவர் எழுந்து வீட்டுக்கு வர வேண்டும் என்று அதைவிட அதிகமாக விரும்பினேன், இப்போதும் விரும்புகிறேன். கடைசியில் சொன்னது வழக்குக்குத் தேவையில்லை என்றார் அதிகாரி. அதை எடுத்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அந்த வரியும் சேர்த்து, நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
மனைவி